நெப்டியூனுக்குக் கிழமை இல்லை

ஓல்டனில் நவம்பருக்கு வானம் கிடையாது.
ஆற்றை மூடி, பாலத்தை மூடி,
எதிர்மாடி விளக்கை ஒரு வதந்தியாக்கிவிடும் மூடுபனி.
இந்த ஊரில்தான் எங்களுக்கு
ஒன்பதாம் வகுப்பில் வானியல்.

திருமதி எஷ்பாகர் முதல் நாள்
கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தார். உடனே அழித்தார்.
"வைத்ததே தவறு.
புள்ளி என்றால் சுற்றிலும் பலகை இருக்கும்.
அப்போது பலகையும் இல்லை."

ஆர்பன் கை தூக்கினான்:
அப்படியென்றால் எந்த இடத்தில் தொடங்கியது?
"எல்லா இடத்திலும். இங்கேயும்."
பின்வரிசை சிரித்தது.
எங்கள் ரயில் நிலையத்தில் ஒரு கல் நிற்கிறது,
ஒரு காலத்தில் பாதைகளை அளக்கத் தொடங்கிய சுழியக் கல்.
பிரபஞ்சமும் அதனடியில்தான் பிறந்தது என்று
அன்று முழுக்கச் சொல்லித் திரிந்தோம்.
"அதுவும் சரிதான்" என்றார் அவர், சிரிக்காமல்.
அந்தச் சரிதான்
செருப்புக்குள் கல்லாக இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போனோம்.
நடுவில் ஒரு கொண்டைக்கடலை: சூரியன்.
ஒரு மீட்டரில் பூமி,
கண்ணுக்கே அகப்படாத தூசு என்பதால்
லுவானா வெறுங்கையைப் பொத்திக்கொண்டு சுற்றினாள்.
ஐந்தில் வியாழன். ஒன்பதரையில் சனி.
முப்பதாவது மீட்டரில், ரயில் வேலியோரம்,
நான்.

எங்கள் வீட்டில் வாரத்தையே கோள்களால்தான் எண்ணுகிறோம்.
செவ்வாயில் குப்பை வண்டி,
வியாழனில் அம்மாவுக்கு இரவு வேலை,
சனியில் எண்ணெய் முழுக்கு.
நெப்டியூனுக்குக் கிழமை இல்லை.
அதன் பெயரில் யாரும் கடை திறப்பதில்லை, விரதம் இருப்பதில்லை.
லுவானா ஒரு சுற்று முடித்தால் எனக்கு ஓர் எட்டு.
இன்னொரு சுற்று, இன்னோர் எட்டு.
நூற்று அறுபத்தைந்து எட்டு வைத்தால் வீடு.

அடுத்த விண்மீன் எங்கே என்று கத்தினேன்.
"மன்ஹைமைத் தாண்டி இன்னொரு கடலை!"
இடையில்?
பாசல் ரயில் ஒன்று பனிக்குள் இரைந்து போனது.
பதில் அதற்குள் போய்விட்டது.

மணி அடித்தபோது பதினைந்து எட்டு வைத்திருந்தேன்,
என் வயது.
உள்கோள்கள் எல்லாம் வகுப்புக்கு ஓடிவிட்டன.
ஒரு காகம் இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து,
சூரியனைத் தின்றது.
எனக்கு அந்தச் செய்தி வந்துசேர நாலு மணி நேரம் ஆகும்.
ஒன்றும் அறியாதவளாக
இன்னோர் எட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அட்டவணை தந்தார்கள்.
சனி: ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு.
கை தானாகப் பன்னிரண்டால் வகுத்தது.
வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை.
மூன்று வீட்டுக்கு...
"ஏழரை!" என்று கத்திவிட்டேன், தமிழில்.
ஆர்பன் திரும்பினான். என்ன அது?
ஜெர்மனில் அதற்குச் சொல் இல்லை.
"எங்கள் வீட்டில் ஒருத்தர் தங்கியிருக்கிறார்" என்றேன்.

மாலை மருத்துவமனையில் அம்மா.
சலவைக்கூடத்தில் ஈரத் துணிகளோடு மயங்கி விழுந்தவள்.
இரத்தத்தில் இரும்பு போதாதாம்.
தலைகீழாய் ஒரு குடுவை,
கடுஞ்சாயத் தேநீர் நிறத்தில்
துளித்துளியாய் அவள் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
இரும்பெல்லாம் விண்மீன்கள் சாகும் வேளையில் சிதறியது.
பத்தாம் பக்கம், கட்டமிட்ட வரி.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
செத்த எதையும் உடம்பில் ஏற்றச் சம்மதிக்கமாட்டாள்.
ஊசியைப் பிடுங்கினாலும் பிடுங்குவாள்.
விட்டுவிட்டேன்.

"எனக்கு ஏழரை நடக்குது பிள்ளை, அதுதான்."
ஜன்னல் முழுக்கப் பனி.
அதற்கு அப்பால் எங்கோ
அவர் தன் வளையங்களோடு.
"நிண்டுகொண்டு இல்லை, அம்மா.
இப்பவும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.
நொடிக்குப் பத்துக் கிலோமீட்டர்."

குடுவையில் பாதி மிச்சம்.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அவ்வளவு கெதியா ஓடியும்
உவருக்கு இன்னும் வெளிக்கிட மனம் வரேல்லையோ?"